ஹெப்சி பார்த்த கிணறு

குருவிகுளத்துக்கு மேற்கே ஜஸ்டஸ் வாத்தியாரின் முந்நூறு அடிக் கிணற்றில் ஐம்பத்துநான்கு வருஷம் ஒரு சொட்டுத் தண்ணீர் வராததற்குக் காரணம், அவருடைய மகள் ஹெப்சி அதை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்ததுதான். இதில் யாருக்கும் சண்டை இல்லை. பூ மார்க்கெட்டில் காலையில் சொல்லும் பிச்சிப்பூ விலையைப் போல, சங்கரன்கோவில் வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம் இது. தானாக நடக்கிற எந்தக் காரியமும் ஹெப்சி பார்த்துக்கொண்டிருந்தால் நடக்காது. பால் பொங்காது, மொட்டு விரியாது, கோழி முட்டையிடாது, பழுத்த வேப்பம்பழம் காம்பைவிட்டு விழாது. மனுஷர் கையால் செய்கிற வேலைக்கு இந்தத் தடை கிடையாது. அவள் எதிரே உட்கார்ந்து துணி தைக்கலாம், கல் உடைக்கலாம், தேர்கூட இழுக்கலாம். அப்படிப்பட்டவள் வளர்ந்து பெரியவளாகி, தானாக நடக்கிற காரியங்களிலேயே பெரிய காரியமான அணு உடைவதைப் பார்ப்பதைத் தன் பிழைப்பாக எடுத்துக்கொண்டாள். கடவுள் சில பேரிடம் இப்படித்தான் விளையாடுகிறார்.

விஷயம் முதலில் வெளியே வந்தது 1969ஆம் வருஷத்து அசனத்தில். சபையார் எல்லோரும் சேர்ந்து சமைத்து, ஏழை பணக்காரர் பாராமல் ஒரே பந்தியில் உட்கார்ந்து சோறும் ஆட்டுக்கறிக் குழம்பும் சாப்பிடுவதுதான் அசனம். அந்த ஒரு நாளுக்காகவே கோயில் பக்கம் வருகிற குடும்பங்கள் உண்டு. அந்த வருஷம் உலை வைத்தவர் ரிபாயி பாய், கல்யாணச் சமையலில் சிவகிரி வரைக்கும் பெயர் எடுத்தவர். காலையில் வைத்த உலை உச்சி வெயில் வரைக்கும் கொதிக்கவில்லை. ஒரு வண்டி விறகு எரிந்து தணலானது. தண்ணீரில் கை விட்டுப் பார்த்தால் பிள்ளையைக் குளிப்பாட்டுகிற பதத்தில் இருந்தது. சிலர் விறகு ஈரம் என்றார்கள், சிலர் அண்டா சரியில்லை என்றார்கள், பசி முற்றிய ஒருவர் ரிபாயி பாயின் கைராசியைப் பற்றியே ஏதோ சொல்ல, "நான் உல வச்சா கடலே கொதிக்கும் வே, என் கையப் பத்திப் பேசாதீரு" என்று பாய் கரண்டியைக் கீழே போட்டுவிட்டார். அண்டாவுக்கு நான்கடி தள்ளி ஏழு வயது ஹெப்சி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, முதல் குமிழி எந்த இடத்தில் கிளம்பும் என்று பார்ப்பதற்காகக் காலையிலிருந்து நின்றுகொண்டிருந்ததை ஒருவரும் கவனிக்கவில்லை.

கலவரம் மூளாமல் இருக்க, சபைப் போதகரான ஐயர் எல்லோரையும் ஜெபத்துக்கு அழைத்தார். சபையார் கண்களை மூடினார்கள். ஹெப்சிக்கு ஜெபத்தில் கண் மூடுகிற வழக்கம் கிடையாது. யார் யார் மூடியிருக்கிறார்கள் என்று சரிபார்ப்பது அவள் வேலை. இது தெரிந்த அவள் அம்மா கனகமணியம்மாள், பின்னாலிருந்து தன் உள்ளங்கையால் பிள்ளையின் கண்களைப் பொத்தினார். ஐயர் இரண்டாவது வாக்கியத்தை எட்டவில்லை, உலை பொங்கி வழிந்து அடுப்பையே அணைத்துவிட்டது. அந்த ஜெபத்தின் வல்லமையைக் கேள்விப்பட்டு ஐயரை இன்னும் பெரிய சபைக்கு மாற்றினார்கள். உண்மை என்னவென்று தெரிந்தது கனகமணியம்மாளுக்கு மட்டும்தான். அவர் அரசு ஆஸ்பத்திரியில் பிரசவ நர்ஸ். எத்தனையோ உயிர் வெளியே வருவதைப் பார்த்தவர், எதையும் கண்டு பதறுகிறவர் அல்ல. வீட்டுக்குப் போய் அடுப்பில் பாலை வைத்து, பிள்ளையை ஒரு தடவை பார்க்கவிட்டும் ஒரு தடவை சுவர்ப்பக்கம் திருப்பியும் சோதித்து முடிவுக்கு வந்தார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் காப்பி போடும்போதெல்லாம் ஹெப்சி சுவரைப் பார்த்து நிற்பாள்.

ஊர் இதை அறிந்துகொள்ள அதிக நாள் ஆகவில்லை. அறிந்ததும் ஊர் செய்த முதல் காரியம், இதில் நமக்கு என்ன லாபம் என்று யோசித்ததுதான். பூ வியாபாரி ராமசுப்பு அண்ணாச்சி பள்ளிக்கூடம் இல்லாத நாட்களில் ஹெப்சியை மார்க்கெட்டுக்கு அழைத்துப்போய், கேரளாவுக்குப் போகிற பிச்சிக் கூடைகளுக்கு முன்னால் முக்காலி போட்டு உட்காரவைப்பார். வேன் வரத் தாமதமானால் மொட்டு விரிந்துவிடும், விரிந்த பூவுக்கு விலை பாதி. ஹெப்சி பால்பன்னைக் கடித்துக்கொண்டு கூடைகளைப் பார்த்தபடி இருக்கும் வரைக்கும் ஒரு மொட்டும் வாயைத் திறக்காது. ஓணம் சமயத்தில் அவளுக்காக வியாபாரிகள் சண்டை போட்டுக்கொண்டதும் உண்டு. கனகமணியம்மாள் மட்டும் தன் ஆஸ்பத்திரியின் தெருப்பக்கம்கூட மகளை விடமாட்டார். ஒரு தடவை சாப்பாட்டுத் தூக்கோடு வந்தவள் பிரசவ அறையின் ஜன்னலில் எட்டிப்பார்த்தபடியே நின்றுவிட்டாள். கரிவலம்வந்தநல்லூரிலிருந்து வந்திருந்த ஒரு தாய்க்கு ஒரு பொழுது முழுக்க வலி அப்படியே நின்றுபோனது. பிறகு பிறந்த பையன் இன்றைக்கும் எதற்கும் தாமதமாகத்தான் வருகிறான்.

இதையெல்லாம் நம்பாதவர் ஊரில் ஒரே ஒருவர்தான் இருந்தார். அவர் ஹெப்சியின் அப்பா. ஜஸ்டஸ் வாத்தியார் டிரில் மாஸ்டர். கழுத்தில் விசில் தொங்கும், விசில் ஊதினால் உலகம் நடக்கும் என்பது அவருடைய மார்க்கம். 1971இல் குருவிகுளத்தில் மானாவாரிக் கரிசல் வாங்கிக் கிணறு தோண்ட ஆரம்பித்தார். நீரோட்டம் பார்த்தவர் நாற்பதடியில் ஊற்று என்று தேங்காய் உடைத்துச் சத்தியம் செய்தார். நாற்பதில் வரவில்லை. ஹெப்சி கிணற்று விளிம்பில் குப்புறப் படுத்து, ஊற்று எந்தப் பக்கத்தில் பீறிடும் என்று பார்த்துக்கொண்டிருந்தாள். "அவள அங்கிட்டு கூட்டிட்டுப் போங்க, தண்ணி தானா வரும்" என்று கனகமணியம்மாள் சொன்னதற்கு, "படிச்சவ பேசுத பேச்சா இது?" என்று வாத்தியார் விசிலை எடுத்து ஊதினார். நூறடி ஆனது, வேட்டு வைத்துப் பாறையை உடைத்து இருநூறு ஆனது. வாரா வாரம் அப்பாவும் மகளும் பஸ் ஏறிப் போவார்கள். அவர் தோண்டச் சொல்லுவார், அவள் பார்ப்பாள். மற்ற நாட்களில் கடப்பாரை இறங்காது; இறங்குகிற நொடியில் பீறிடவேண்டிய ஊற்று அவள் பார்வைக்குப் பயந்து பாறைக்குள் ஒளிந்துகொள்ளும். முந்நூறில் கிணறு வெட்டுகிறவர்களுக்கு அடியில் நின்று மேலே பார்த்தால் பகலிலேயே நட்சத்திரம் தெரிந்தது. அவர்கள் பயந்துபோய்க் கூலியும் வாங்காமல் ஏறிவிட்டார்கள்.

1980இல் பிளஸ் டூ முதல் செட்டில் ஹெப்சி பிசிக்ஸில் மாவட்டத்திலேயே முதலாவதாக வந்து, பாளையங்கோட்டையில் கல்லூரிக்குப் போனாள். இனிமேல் தண்ணீர் வந்துவிடும் என்று கனகமணியம்மாள் மனதுக்குள் சந்தோஷப்பட்டார். அதே வாரத்தில் ஜஸ்டஸ் வாத்தியார், எந்தத் தகப்பனும் செய்கிற ஒரு காரியத்தைச் செய்தார். மகள் பரிசுக் கோப்பையோடு நிற்கிற போட்டோவைப் பெரிதாக்கி, கண்ணாடிச் சட்டம் போட்டு, கிணற்றை ஒட்டிய மோட்டார் ரூமில் வாசலுக்கு நேராக மாட்டினார். உள்ளே மசகு கலையாத புது மோட்டார் ஒன்று தண்ணீருக்காகக் காத்திருந்தது. மோட்டார் ஓடுகிற நாளில் மகள் பார்க்க ஓடட்டும் என்பது அவர் ஆசை. போட்டோவில் இருந்த ஹெப்சி மோட்டார் ரூம் வாசல் வழியாகக் கிணற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கனகமணியம்மாள் மாதம் ஒரு தடவை போய் அந்தக் கண்ணாடியைத் துடைத்துவைப்பார், தூசி படிந்தால் பிள்ளையின் முகம் மங்கிவிடுமே என்று. இருபத்துமூன்று வருஷம் காத்திருந்துவிட்டு வாத்தியார் விசிலோடு அடக்கமானார். கிணற்றடியில் அப்போதும் தூசிதான் இருந்தது.

ஹெப்சியின் ஆராய்ச்சி வாழ்க்கை மதுரையில் எம்.எஸ்சி. படிக்கும்போது, கைகர் கவுண்டரின் முன்னால் ஆரம்பித்தது. கதிர்வீசும் சீசியம் துண்டு ஒன்றைக் கருவிக்குக் கீழே வைத்தால், அணு ஒவ்வொன்றாக உடைவது "டிக், டிக்" என்று கேட்கும். மற்ற மாணவர்களுக்குக் கேட்டது. ஹெப்சி குனிந்து பார்த்ததும் நின்றுபோனது. மாணவி பூஜ்யம் என்று எழுதினாள், ஆசிரியர் கருவியை மாற்றினார், அவள் மறுபடியும் பூஜ்யம் என்று எழுதினாள். மூன்றாவது கருவிக்குப் பிறகு அவள் ஜன்னலுக்கு வெளியே காக்காய்களைப் பார்த்துக்கொண்டே காதால் எண்ணித் தேர்வில் தேறினாள். இதில் அவளுக்கு வந்த அவமானம் சொல்லி முடியாது. சமையல்கட்டில் சுவரைப் பார்த்து நிற்கவைத்தவர்களுக்கு, தன் கண்ணில் ஒன்றும் இல்லை, அதெல்லாம் மூடநம்பிக்கை, நடந்த தடவைகளை மறந்துவிட்டு நடக்காத தடவைகளை மட்டும் ஊர் நினைவு வைத்துக்கொள்கிறது என்று நிரூபித்துக் காட்டுவேன் என அன்றைக்கு முடிவு செய்தாள். ஒரே ஒரு அணு தன் கண் முன்னால் உடைந்தால் போதும். அவள் வாழ்க்கையில் வேண்டியது அது ஒன்றுதான், கடைசி வரைக்கும் வேறெதையும் அவள் கேட்கவில்லை.

பம்பாயில் அவளுக்கு வழிகாட்டியாக வந்த பேராசிரியர் சித்தீக் கடையநல்லூர்க்காரர். தறிக்காரர் வீட்டில் பிறந்து அணுக்கருவுக்குள் போனவர். அவருடைய ஆராய்ச்சிப் பொருள் வெள்ளீயம். பித்தளைப் பாத்திரத்துக்குப் பூசுகிற அதே ஈயந்தான். அதில் ஒரு வகை அணு, கோடானுகோடி வருஷத்தில் ஒரு தடவை, எவரும் கேளாமல் இரண்டு எலக்ட்ரான்களை மட்டும் வெளியே தள்ளிவிட்டு வேறு தனிமமாக மாறக்கூடும் என்று ஒரு கணக்கு உண்டு. ஒருவரும் கண்டதில்லை. ஒரு அணுவுக்குப் பதிலாகக் கோடி கோடி அணு உள்ள ஈயக் கட்டியை வைத்து, பனிக்கட்டியெல்லாம் சுடுகிற அளவுக்குக் குளிரில் உறையவைத்து, வெளிச்சத்தம் எதுவும் படாமல் காத்திருந்தால் என்றைக்காவது ஒரு "டிக்" கேட்கும். ஹெப்சி சேர்ந்த நாளிலிருந்து அந்தக் கருவி உலகத்திலேயே அமைதியான கருவியாக ஆனது. அவள் மூன்று பேர் வேலையைத் தனியாகச் செய்தாள். லீவு எடுக்கமாட்டாள், சாப்பாட்டுத் தட்டோடு திரையின் முன்னால் உட்கார்ந்திருப்பாள். உழைக்க உழைக்க ஒன்றும் நடக்காமல் போனது.

ஆனால் இயற்பியலில் ஒன்றும் நடக்கவில்லை என்பதற்கும் மரியாதை உண்டு. இத்தனை வருஷம் பார்த்தோம், காணவில்லை, ஆகையால் இந்தக் காரியம் நடந்தாலும் இதைவிட அரிதாகத்தான் நடக்கும் என்று கட்டுரை எழுதலாம். ஹெப்சி அப்படி நாற்பது கட்டுரை எழுதினாள். ஒன்றும் நடக்கவில்லை என்பதை இவ்வளவு சுத்தமாகச் சொன்னவர் உலகத்தில் கிடையாது என்று மாநாடுகளில் எழுந்து நின்று கை தட்டினார்கள். அவளுடைய பூஜ்யத்தை நம்பித் தங்கள் கொள்கைகளைக் கைவிட்டவர்கள் பலர். குளிர்நாடு ஒன்றில், இருபது வருஷம் கட்டிய சமன்பாட்டை அவளுடைய ஒரே கட்டுரையால் கிழித்துப்போட்ட ஒருவர், இப்போது ரொட்டிக் கடை வைத்து நன்றாக இருக்கிறார். மாவு பொங்குவதை அவர் தினமும் கண்ணால் பார்க்கிறார் என்று கேள்விப்பட்டு ஹெப்சி பொறாமைப்பட்டாள்.

2012இல் ஒரு சர்வதேசக் குழு விசாரிக்க வந்தது. இத்தனை அமைதி எந்தக் கருவிக்கும் ஆகாது, சுவரில் இயற்கையாகவே உள்ள கதிர்வீசும் பொட்டாசியமாவது சத்தம் போடவேண்டுமே என்பது அவர்களுடைய சந்தேகம். ஓய்வு பெறப்போகிற சித்தீக், ஹெப்சியைப் பார்த்து, "ஏம்மா, நீ போய் எல்லாருக்கும் சாயா சொல்லிட்டு வா" என்றார். கதவு மூடியது. உடனே கருவி ஆலங்கட்டி மழை பெய்த தகரக் கூரையாகிவிட்டது. சுவர், வானம், குழுத் தலைவரின் பையிலிருந்த வாழைப்பழம் வரைக்கும் சகலமும் "டிக், டிக்" என்றது. ஹெப்சி தட்டோடு திரும்பி வந்ததும் எல்லாம் வாயை மூடிக்கொண்டன. குழு தன் அறிக்கையில் இதை விளக்க முடியாத ஷிப்ட் வேறுபாடு என்று எழுதிவிட்டு விமானம் ஏறியது. எல்லோரும் போன பிறகு சித்தீக் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். பார்த்துக்கொண்டே இருந்தால் அணு உடையாது என்று புத்தகத்தில் கணக்கு இருக்கிறது, அது ஒரு பெண்பிள்ளையாகச் சாயாத் தட்டோடு நடந்து வரும் என்று அவர் நினைக்கவில்லை.

"ஏம்மா ஹெப்சி, நீ ஒரு வருசம் லீவு போடு. நாங்க கேட்டுச் சொல்லுதோம்" என்றார்.

"கேட்டுச் சொன்னா அது உங்க டிக்கு, சார். எனக்கு என் கண்ணால ஒரு தடவ பாக்கணும். ஒரேயொரு தடவ."

"அல்லா, இந்தப் பிடிவாதத்துல பாதி அந்த அணுவுக்கு இருந்தா அது ஏன் உடையப் போவுது?" என்று அவர் எழுந்து தொழுகைக்குப் போய்விட்டார்.

2022இல் ஹெப்சிக்கும் ஓய்வு வந்தது. நிறுவனம் அந்த ஆராய்ச்சியையே மூடிவிட்டு, ஈயக் கட்டியை உருக்கிவிடலாம் என்று சொன்னது. கடையநல்லூரில் பேரன் பேத்திகளோடு இருந்த சித்தீக் அங்கிருந்தபடியே யார் யாரையோ பிடித்து, பழைய சாமான் என்று எழுதவைத்து, கருவியை அவளிடமே சேர்ப்பித்தார். வானத்துக் கதிர்களின் சத்தம் எட்டாத ஆழம் வேண்டும், அவளுக்குத் தெரிந்த ஆழம் ஒன்றுதான். லாரி குருவிகுளத்துக்கு வந்தது. கிரேன் வைத்துக் கருவியை முந்நூறு அடிக்குக் கீழே இறக்கினார்கள். கணினியையும் ஒலிபெருக்கியையும் மோட்டார் ரூமில், தன் பிளஸ் டூ போட்டோவுக்கு அடியில் வைத்தாள் ஹெப்சி.

அணு, கிணறு, பம்பாய்க்காரி என்ற மூன்று சொல் சேர்ந்தால் நம் பக்கத்தில் என்ன ஆகும் என்று சொல்லவேண்டியதில்லை. இரண்டு ஊர் ஜனங்கள் கறுப்புக் கொடியோடு வந்து கிணற்றைச் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். ஹெப்சி கதிரியக்கம் பற்றிப் படம் வரைந்து விளக்க விளக்கக் கூட்டம் கூடியது. கடைசியில் எண்பத்தொரு வயதுக் கனகமணியம்மாள் ஆட்டோவில் வந்து இறங்கினார். "ஏலே, எம்மவ பாத்துக்கிட்டு இருக்கையில எதுவாது வெடிக்குமாலே? பிச்சி மொட்டே வெடிச்சதில்ல" என்றார். வயதானவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நியாயந்தான் என்று கொடியைச் சுருட்டிக்கொண்டு, தந்த காப்பியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்கள்.

மூன்று வருஷம் கருவி பேசவில்லை. முதலில் ஹெப்சிக்குப் பெருமையாக இருந்தது. பம்பாயில் அவள் வெளியே போனாலாவது சத்தம் வரும், இங்கே அவள் ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போனாலும் சித்தீக் வீட்டுக்கு விருந்துக்குப் போனாலும் திரும்பி வந்து பார்த்தால் பூஜ்யந்தான். அப்படியென்றால் குற்றம் தன் கண்ணில் இல்லை, இடம் அப்படி. உலகத்திலேயே அமைதியான இடம் குருவிகுளம் என்று கட்டுரை எழுதி அனுப்பினாள், அது அச்சிலும் வந்தது. பஞ்சாயத்தில் அதைப் பெரிதாக்கி ஒட்டினார்கள். இரண்டாவது வருஷம் சோதனைக்காகச் சீசியம் துண்டைக் கயிற்றில் கட்டி இறக்கினாள். அதுவும் பேசவில்லை. அதை மேலே ஏற்றி, கருவி செத்துவிட்டதோ என்று பிரித்துப் பார்த்தாள், எல்லாம் சரியாகவே இருந்தது. தான் இல்லாதபோதும் ஒன்றும் நடக்கவில்லை என்றால், தான் இருந்ததற்கு என்ன அர்த்தம் என்று அவளுக்கு ஒரு நாள் தோன்றியது. அன்றிலிருந்து அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

கருவியைக் குளிரவைக்கிற ஹீலியம் பெங்களூரிலிருந்து மினி லாரியில் வந்துகொண்டிருந்தது. 2025 புரட்டாசியில், இனிமேல் அனுப்ப வழியில்லை, இதுதான் கடைசி உருளை என்று சொல்லிவிட்டார்கள். அந்த உருளையும் தீருகிற அன்று மத்தியானம் கனகமணியம்மாள் தூக்குவாளியில் புளிக்குழம்பும் சோறும் எடுத்துக்கொண்டு வந்தார். ஹெப்சி திரையின் முன்னால் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். அறுபத்துமூன்று வயதில் மூக்கைச் சேலையில் துடைத்துக்கொண்டு அழுகிறவளைப் பார்த்து அம்மா தூக்குவாளியைக் கீழே வைத்தார்.

"எம்மா, இத அணைக்கப் போறேன். ஒன்னுமே நடக்கல எம்மா. என் ஆயுசுக்கும் ஒன்னுமே நடக்கல."

"அணைக்கலாம் மக்கா. அணைக்கதுக்கு முன்ன ஒரு ஜெபம் பண்ணிருவோம். எழும்பு."

கனகமணியம்மாளின் ஜெபம் சபையில் பேர்போனது. அவர் எழுந்து நின்றால் சிறு பிள்ளைகளை வெளியே கூட்டிக்கொண்டு போய் வருவதற்கு நேரம் இருக்கும். பரம தகப்பனே என்று ஆரம்பித்து, நாட்டை ஆளுகிறவர்கள், மழை, விதவைகள், வளைகுடாவில் வேலை பார்க்கிறவர்கள் என்று போய்க்கொண்டிருந்தார். ஹெப்சி வழக்கம்போலக் கண்ணைத் திறந்து திரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அம்மா வார்த்தையை நிறுத்தாமலே வலது கையை நீட்டி, அசனத்தன்று பொத்தியது போல அவள் கண்களைப் பொத்தினார். ஆஸ்பத்திரியில் பிரயாசப்படுகிறவர்களுக்காக ஜெபித்தார். ஒன்றும் நடக்கவில்லை. இவள் விரலிடுக்கில் பார்க்கிறாளோ என்று சந்தேகம் வந்து, எண்பத்துநான்கு வருஷத்தில் முதல் தடவையாகக் கனகமணியம்மாள் ஜெபத்தின் நடுவில் கண்ணைத் திறந்தார். மகளின் கண் ஒழுங்காகத்தான் மூடியிருந்தது. ஆனால் மகளின் தலைக்கு மேலே, தான் மாதா மாதம் துடைத்துப் பளபளப்பாக வைத்திருந்த கண்ணாடிக்குள்ளிருந்து, பதினெட்டு வயது ஹெப்சி கையில் கோப்பையோடு, வாசல் வழியாகக் கிணற்றை இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆண்டவரே, ஒரு நிமிசம் பொறுத்துக்கிடும்" என்றார் கனகமணியம்மாள்.

"என்னம்மா?"

"கண்ணத் தொறக்காத. இங்கன இன்னொருத்தி நிக்கா. நாப்பத்தஞ்சு வருசமா முழிச்சுப் பாத்துக்கிட்டு நிக்கா, நானும் மூஞ்சியத் தொடச்சு விட்டுக்கிட்டு இருந்திருக்கேன். எல்லாம் உங்கப்பா பண்ணுன வேல."

முக்காலியில் ஏறக்கூடாத வயதில் முக்காலியில் ஏறி, போட்டோவைச் சுவரைப் பார்க்கத் திருப்பி மாட்டினார். இறங்கி வந்து மகளின் கண்ணைப் பொத்திக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தார். பிரயாணம் பண்ணுகிறவர்கள். பரீட்சை எழுதுகிறவர்கள். கடையநல்லூர் சித்தீக் சாரின் முழங்கால்வலி.

அப்போது ஒலிபெருக்கியில் "டிக்" என்று கேட்டது.

ஒரே ஒரு சத்தம். சுவரின் சத்தமல்ல, வானத்தின் சத்தமல்ல, வெள்ளீய அணு உடைந்தால் வரும் என்று நாற்பது வருஷமாகக் கணக்கில் மட்டும் அவள் அறிந்திருந்த உயரத்தில், எழுந்து அடங்கிய ஒரே சத்தம். கண்ணைத் திறந்தால் திரையில் அந்தக் கோடு இருக்கும். பார்த்துவிடலாம். வாழ்நாளெல்லாம் கேட்டது அது ஒன்றைத்தானே. அம்மாவின் கை வயதாகித் தளர்ந்த கை, கொஞ்சம் தலையை அசைத்தால் விலகிவிடும். ஹெப்சி தலையை அசைக்கவில்லை. அம்மாவின் கைக்கு மேலே தன் இரண்டு கைகளையும் வைத்து, தானே இறுக்கிப் பொத்திக்கொண்டாள். உள்ளங்கைக்குள் கண்ணீர் வழிந்தது. "இன்னும் ஆமென் சொல்லல, அசையாத" என்று அம்மா ஜெபத்தோடு ஜெபமாகச் சொன்னார்.

ஆமெனுக்கு முன்னால் இரண்டாவது சத்தம் வந்தது. அது ஒலிபெருக்கியில் வரவில்லை, கிணற்றிலிருந்தே வந்தது. முதலில் யாரோ தொண்டையைச் செருமுவது போல, பிறகு அண்டா பொங்கி வழிவது போல. நாற்பதடியில் வந்திருக்கவேண்டிய ஊற்று, நூறடியில் வந்திருக்கவேண்டிய ஊற்று, இருநூறில் பாறைக்குள் ஒளிந்திருந்த ஊற்று எல்லாம் ஒரே நேரத்தில் திறந்துகொண்டன. கருவி, குளிர்கலன், வெள்ளீயக் கட்டி எல்லாவற்றையும் மூழ்கடித்துவிட்டுத் தண்ணீர் ஏறிக்கொண்டே வந்தது. கனகமணியம்மாள் நிதானமாக ஆமென் சொல்லி முடித்தபோது அது கிணற்று வாய்க்கு ஆறடிக்குக் கீழே நின்றது. ஹெப்சி கண்ணைத் திறந்தாள், தண்ணீர் ஏறுவது நின்றது. இல்லாவிட்டால் குருவிகுளம் கண்மாயாகியிருக்கும் என்று இன்றைக்கும் சொல்லுகிறார்கள்.

அந்த ஒரு டிக்கைப் பற்றி ஹெப்சி எழுதி அனுப்பிய கட்டுரைக்கு, ஒரு நிகழ்வை வைத்துக்கொண்டு கண்டுபிடிப்பு என்று சொல்ல முடியாது, சோதனையைத் திரும்பச் செய்து அனுப்பவும் என்று ஆராய்ச்சிப் பத்திரிகைக்காரர்கள் எழுதியிருந்தார்கள். செய்முறைப் பகுதியில் "பார்வையாளரின் கண்கள் பொத்தப்பட்டிருந்தன" என்ற வரிக்கு விளக்கமும் கேட்டிருந்தார்கள். சித்தீக் அதைப் படித்துவிட்டுக் கடையநல்லூரிலிருந்து போன் போட்டுச் சிரித்தார். சிரித்து முடித்த பிறகு, "சத்தம் எப்படி இருந்துச்சும்மா?" என்று கேட்டார். "ரொம்பச் சின்ன சத்தம் சார்" என்றாள் ஹெப்சி. பத்திரிகைக்கு அவள் பதில் எழுதவில்லை. கருவி தண்ணீருக்கு அடியில் இருக்கிறது, அதை எடுக்கவேண்டுமென்றால் கிணற்றை வற்றவைக்கவேண்டும், அதற்குப் பஞ்சாயத்து ஒத்துக்கொள்ளாது.

ஜஸ்டஸ் வாத்தியாரின் மோட்டாரை எலக்ட்ரீசியன் வந்து மசகைத் துடைத்துப் போட்டபோது முதல் சுவிட்சிலேயே ஓடியது. சுற்றிலும் இருந்த மானாவாரிக் கரிசலில் இப்போது பிச்சி போட்டிருக்கிறார்கள். போன வாரம் சங்கரன்கோவில் மார்க்கெட்டில் கிலோ அறுநூறுக்குப் போனது. போட்டோ இன்னும் சுவரைப் பார்த்தபடிதான் இருக்கிறது, கனகமணியம்மாள் இப்போது அதன் முதுகைத் துடைக்கிறார். ஹெப்சி தினமும் சாயங்காலம் கிணற்றடிக்கு வந்து உட்காருவாள். மோட்டார் ஓடி ஓடித் தண்ணீர் இறங்கினால், பூப்பறிக்கிற பெண்கள், "அக்கா, கொஞ்சம் அங்கிட்டுத் திரும்பிக்கிடுதீங்களா? ஊறட்டும்" என்பார்கள். அவளும் முகம் கோணாமல் கிணற்றுக்கு முதுகு காட்டித் திரும்பி உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, பின்னால் தண்ணீர் ஏறுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பாள்.